பெரியப்பா காய்ந்துபோன கோடை

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. கத்திரி வெயில் தொடங்கிய வாரம், ஒரகடம் சாலையில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றிருந்த என் பெரியப்பா, லாரிக்குத் தடுப்புக் கம்பியைத் தூக்கப் போனவர், தூக்காமல் அதையே பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

2. என்ன ஆயிற்று என்று கேட்டபோது அவருக்கு வாய் குழறியது. கேட்ட ஆளை வேறு யாரோ என்று நினைத்துப் பேசினார்.

3. செக்யூரிட்டி ஏஜென்சியின் சூப்பர்வைசர் வந்து பார்த்து, குடித்துவிட்டு டூட்டிக்கு வந்திருக்கிறார் என்றார். நீலச் சட்டையையும் தொப்பியையும் அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார்.

4. அப்பா அதை நம்பினார். அம்மாவும் நம்பினாள்.

5. எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் சிமென்ட் ஷீட் போட்ட ஒரு கொட்டகை உண்டு. தெளியட்டும் என்று அவரை அதில் படுக்கவைத்தார்கள்.

6. அவர் உடம்பில் சாராயம் இல்லை. தண்ணீரும் இல்லை.

ஐந்தாவதிலிருந்து ஆறாவதுக்கு வர எங்கள் வீட்டுக்கு மறுநாள் மத்தியானம் வரை ஆயிற்று. நான் இப்போது எழுதுவது அந்த இடைவெளியைப் பற்றி.

என் வயதில் இந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே ஏற்பாடுதான் இருந்தது. படித்த பிள்ளை தொழிற்சாலை லைனில், லைசென்ஸ் வைத்திருப்பவர் கம்பெனி பஸ்ஸில், வயதானவர் ஏதாவது ஒரு கேட்டில். வீட்டை இழுத்துக் கட்டி மாடியில் ரூம்கள் போட்டு, தெற்கிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருப்போம். அப்பா ஷிப்ட் பஸ் ஓட்டினார். பெரியப்பாவுக்கு அந்த கேட் வேலையை வாங்கிக் கொடுத்ததும் அப்பாதான். பஸ் காண்ட்ராக்டும் செக்யூரிட்டி காண்ட்ராக்டும் ஒரே ஆளுடையவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவுக்கு அப்போது அறுபதைத் தாண்டியிருந்தது. பெரியம்மா இறந்தபிறகு சில வருடம் நிறையக் குடித்திருக்கிறார். நான் பிறந்த வருடம் எங்களோடு வந்து சேர்ந்தார். அன்றோடு நிறுத்திவிட்டார். இதை எனக்குச் சொன்னவர்கள் அப்பாவும் அம்மாவுமேதான். நான் பார்த்த பெரியப்பா காலையில் கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்த சட்டையில் கிளம்புவார். மாலையில் தொப்பியின் தடம் நெற்றியில் சிவப்பாகப் பதிந்திருக்க வருவார். விசிலை என்னிடம் தருவார். நான் அதைக் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டுவேன். உள்ளே உருளும் சின்னக் கட்டை ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், உதறினால்தான் சத்தம் வரும்.

அந்தக் கோடையில் விசில் காய்ந்தே வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று பத்து வயதில் எனக்குத் தெரியாது.

சாப்பாட்டில்தான் முதலில் தெரிந்தது. பங்குனி முடிவில் ஒருநாள் பெரியப்பா அடுப்படி வாசலில் நின்றுகொண்டு சொன்னார்.

"அம்மாடி, நாளைலேர்ந்து கொழம்பு, ரசம் எல்லாம் வோணாம். புளிசாதம் கட்டிடு. இல்லாட்டி சப்பாத்தி."

"மோருசாதம்?"

"அதுவும் வோணாம். டிபன்ல ஒழுவுது. பையெல்லாம் நாறுது."

அம்மா அவரை மாமா என்று கூப்பிடுவாள். "சரி மாமா" என்றாள். அவளுக்குச் சந்தோஷம்தான். காலை நாலரைக்கு எழுந்து குழம்பு வைக்கிற வேலை மிச்சம். அன்றிலிருந்து வறண்ட சாப்பாடு போனது. புளிசாதம், எலுமிச்சை சாதம், சப்பாத்தி, உருளைக்கிழங்கு வறுவல். தொட்டுக்கொள்ள ஊறுகாய். தண்ணீர் பாட்டிலை எடுத்துப் போவார். கிளம்பியபடியே நிறைந்து திரும்பி வரும். அம்மா அதைச் செடிக்கு ஊற்றுவாள்.

அவர் சொன்ன காரணம் பொய். டிபன் ஒழுகவில்லை. அந்த கேட்டில் செக்யூரிட்டிக்குக் கழிவறை கிடையாது. உள்ளே கட்டிடத்தில் இருந்தது, ஆனால் கேட்டை விட்டு நகர மாற்று ஆள் வேண்டும், மாற்று ஆள் கிடையாது. அதுவரை பெரியப்பாவும் மற்ற ஷிப்ட் செக்யூரிட்டிகளும் பக்கத்து நிலத்தில் வேலிக்காத்தான் புதர் ஓரமாகப் போய்வந்தார்கள். அந்த நிலத்தை யாரோ வாங்கி மதில் எழுப்பிவிட்டார்கள். பிறகு கேட்டை ஒட்டிய சுவரோரம் போனார்கள். அங்கே கேமரா வைத்தார்கள். கேமராவில் மாட்டிய ஒரு பெரியவரை நிற்கவைத்து, அந்தப் படத்தைப் போனில் எல்லோருக்கும் காட்டிச் சிரித்திருக்கிறார் சூப்பர்வைசர். பெரியப்பா மறுநாளே குழம்பை நிறுத்தினார்.

இதற்கு மேல் ஒன்று. இரத்தக் கொதிப்புக்காக அவர் தினமும் காலையில் ஒரு மாத்திரை போடுவார். உடம்பிலிருந்து நீரை வெளியேற்றுகிற மாத்திரை. அதை மட்டும் ஒருநாளும் விடவில்லை. உள்ளே போவதை நிறுத்திவிட்டு, வெளியே தள்ளுவதைத் தொடர்ந்தார். அதோடு வெயிலில் நின்றார்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டவர் சூப்பர்வைசர்தான், பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஓர் ஆள் பிடித்துக்கொண்டு.

"யோவ் டிரைவர், ஒன் அண்ணன நீயே வெச்சுக்க. காலைலியே ஊத்திகினு வந்துகீறாரு. மேனேஜர் பாத்திருந்தா ஒன் பஸ்ஸும் சேத்துப் பூட்டிருக்கும். நீ ஆச்சேன்னு அமுக்கி வெச்சேன்."

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றார் அப்பா.

நன்றி சொன்னார்.

பெரியப்பா ஏதோ சொல்ல முயன்றார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சொல் வரவில்லை. அப்பா அவர் பக்கம் திரும்பாமலே, "பேசாதணா. மானம் பூட்ச்சு. போயி படு" என்றார்.

குடித்துவிட்டு வந்த ஆளை நடத்துவதற்கு நம் தெருக்களில் ஒரு முறை உண்டு. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். முகம் கொடுத்துப் பேசக்கூடாது. பிள்ளைகள் பக்கத்தில் போகக்கூடாது. தட்டை ஓரமாக வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். தெளிந்ததும் அவரே எழுந்து வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்காருவார், அப்போது கேட்டுக்கொள்ளலாம். பெரியப்பாவுக்குப் பத்து வருடமாகத் தேவைப்படாத முறை. ஆனாலும் யாரும் யோசிக்காமல் அதில் இறங்கிவிட்டார்கள், பழகிய வேலையில் கை தானாகப் போவதுபோல.

அந்தக் கொட்டகையைப் பற்றி நான் இன்று ஒரு அறிக்கை எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: தாழ்ந்த சிமென்ட் ஷீட் கூரை, ஜன்னல் இல்லை, மேற்குப் பார்த்த தகரக் கதவு, மின்விசிறி இல்லை, உள்ளே அப்பாவின் பழைய வண்டியும் இரண்டு டயரும். டயர் வெயிலில் சூடேறினால் வருகிற வாடை உங்களுக்குத் தெரியும். அதற்கு நடுவில் கோரைப்பாயில் ஒரு மனிதர்.

அன்று சாயங்காலம் தட்டு வைக்க அம்மா என்னைத்தான் அனுப்பினாள். வைத்துவிட்டு ஓடி வந்துவிடு என்றாள். மூன்று சப்பாத்தி, ஊறுகாய். மீந்ததைத் தந்தாள், வேறு எண்ணம் எதுவும் இல்லை. நான் அருகில் போனேன். அவரிடம் காய்ச்சல்காரர் வாடை அடித்தது, வியர்வை இல்லாத ஒரு புளித்த வாடை. பிராந்தி வாடை எனக்குத் தெரியும். அப்பாவின் லீவு நாள் சட்டையில் அது இருக்கும், அம்மா அந்தச் சட்டையைத் தனியாக ஊறவைப்பாள்.

"பெரியப்பா மேல அந்த நாத்தம் இல்லம்மா" என்றேன்.

"இப்பல்லாம் வாசன வராத சரக்கு கீதாம்."

"தண்ணி வெச்சுட்டு வரட்டா?"

"குடிச்ச வவுத்துல தண்ணி போனா வாந்திதான் எடுப்பாரு. யாரு கழுவறது? உள்ள போ."

அம்மா கெட்டவள் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். கெட்டவர்கள் செய்திருந்தால் ஒருமாதிரி புரிந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் மாடி ரூம் அக்கா நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து, துணி காயப்போடக் கீழே வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரம் தாண்டி ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் இருந்தாள். கொட்டகைக்குள் முனகல் கேட்டு எட்டிப் பார்த்தாள். சப்பாத்தி தொடாமல் காய்ந்து வளைந்திருந்தது, எறும்பு ஏறியிருந்தது.

"எக்கா, இங்க வாங்க. பெரியவர் நாக்கப் பாருங்க."

"அது குடிச்சது. நீ போம்மா."

"குடிச்ச நாக்கு இப்படியா இருக்கும்? செருப்புத் தோல் மாதிரி கெடக்கு. எங்க லைன்ல பாத்ரூம் போணும்னா டோக்கன் வாங்கணும், அதுக்குப் பயந்து நாங்க யாரும் தண்ணியே குடிக்க மாட்டோம். போன வருசம் நானும் இப்படித்தான் விழுந்தேன். ஒளறினேன்னு பேய் புடிச்சிருக்குன்னாளுவ. ஆட்டோவக் கூப்பிடுங்கக்கா, பேசிட்டு நிக்காதீங்க."

அம்மா அப்பாவுக்குப் போன் போட்டாள். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். பெரியப்பாவின் தலை அக்காவின் மடியில். அவள் தன் துப்பட்டாவை நனைத்து அவர் கழுத்தில் போட்டிருந்தாள். வழியில் காரிலும் பஸ்ஸிலும் போகிறவர்கள் பார்த்தார்கள். அம்மா முக்காடு போட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மா முதலில் கேட்டது ஒரு கேள்வி.

"கடைசியா எப்ப யூரின் போனாரு?"

யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் அப்பா வந்துவிட்டார். "டாக்டர், அவரு கொஞ்சம் குடிச்சிருக்காரு" என்றார், இரகசியம்போல.

டாக்டரம்மா குனிந்து பெரியப்பாவின் வாயருகே முகர்ந்தார். பிறகு அவர் முன்கைத் தோலைக் கிள்ளி விட்டார். அது படியாமல் கூடாரம்போல நின்றது.

"யார் சொன்னாங்க குடிச்சிருக்கார்னு?"

"சூப்பர்வைசர்."

"வீட்ல ஒருத்தர்கூட மோந்து பாக்கலயா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அம்மா பார்த்தாள்.

குளுக்கோஸ் ஏற ஏறப் பெரியப்பாவுக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இருட்டுவதற்குள் முழு வாக்கியம் பேசினார். கட்டிலைச் சுற்றி நின்ற எங்களிடம், யாரையும் குற்றம் சொல்லாமல், வழி சொல்கிறவர்போலச் சொன்னார்.

"அந்தப் பக்கம் செவுரு கட்டிட்டான். இந்தப் பக்கம் கேமரா. நான் எங்க போறது, சொல்லு. அதான் கம்மி பண்ணிகினேன்."

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அம்மாவிடம் சொன்னார்: "வயசானா தாகம் சரியாத் தெரியாது. காஞ்சு போனாலும் நாக்கு கேக்காது. குடிங்க குடிங்கன்னு சொல்லிட்டே இருந்தா எரிச்சல்தான் வரும். சாப்பாட்டுலயே தண்ணிய வெச்சுக் குடுங்க. உப்பும் ஊறுகாயும் கம்மி."

ஆஸ்பத்திரி வாசலில், ஆட்டோவில் ஏறுமுன், அப்பா பெரியப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தழுதழுத்த குரலில் சொன்னதைக் கேளுங்கள்.

"இனிமேலாவது அதத் தொடாதணா."

குடியில்லை, நீர் வற்றியதுதான் என்று டாக்டர் அப்பாவிடம் சொல்லி அரை மணி நேரம் ஆகவில்லை. பெரியப்பா தம்பியின் முகத்தைப் பார்த்தார். "சரிப்பா" என்றார்.

அதன்பின் வந்த வாரங்களில் அம்மா சமைத்ததைப் பட்டியல் போட்டால் ஒரு பக்கம் போகும். சுரைக்காய்க் கூட்டு, வெள்ளைப் பூசணி மோர்க்குழம்பு, பீர்க்கங்காய். இட்லி வைத்தால் சாம்பார் தட்டின் விளிம்பைத் தொடும். தண்ணீர் டம்ளரைக் கண்டால் முகம் திருப்புகிற பெரியப்பா, அதே டம்ளரில் ரசம் கொடுத்தால் ஊதி ஊதிக் குடித்தார். பதினோரு மணிக்கு வெள்ளரிப்பிஞ்சு. நாலு மணிக்கு தர்பூசணி, மிளகுத்தூள் தூவி. வண்டலூர் சாலையோரம் நுங்கு விற்பவரிடமிருந்து அப்பா பஸ்ஸை நிறுத்தி வாங்கி வருவார். பெரியப்பா கட்டைவிரலால் குத்தி உறிஞ்சுவார், சாறு முழங்கை வரை ஓடும், அதையும் விடமாட்டார். கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு கொடுத்தால் ஒரு சொம்பு இறங்கும். தண்ணீர் என்ற பெயரில் கொடுத்தால் ஒரு வாய் இறங்காது.

"இன்னாம்மா இது, பொரியல்லியே மீன் வளக்கலாம் போல கீது" என்பார்.

"வளத்துக்குங்க மாமா. மொதல்ல தட்டக் காலி பண்ணுங்க."

நானும் அவளோடு சேர்ந்து செய்தேன். எதில் எவ்வளவு தண்ணீர் என்று அவளைக் கேட்டுக் கேட்டு நச்சரித்தேன். அவர் நிறம் திரும்பியது, தோல் படிந்தது, சிரித்தார். இந்தப் பகுதியை மட்டும் சொல்லி நிறுத்தினால் இது நல்ல கதை. எங்கள் உறவினர்கள் இந்தப் பகுதியைத்தான் சொல்லுவார்கள். அம்மா எப்படி அவரைத் தேற்றினாள் பார் என்பார்கள்.

ஆனால் சுரைக்காய்க் கூட்டு மன்னிப்பு ஆகாது. அத்தனை நுங்கு வாங்கி வந்த அப்பா, "நீ குடிக்கல, நாந்தான் தப்பா நெனச்சுட்டேன்" என்ற ஒன்றை மட்டும் வாங்கி வரவில்லை. சூப்பர்வைசரிடமும் போய்ச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"சொன்னா அப்ப ஏன் வுழுந்தாருன்னு கேப்பான். கக்கூஸ் இல்லன்னு சொல்லணும். நாளைக்கே பஸ் சாவியக் குடுன்னுவான். நீ படிக்கிற வேலையப் பாரு பாப்பா."

வளர்ந்தபிறகு நான் இதைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். குடிகாரன் என்ற சொல் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. கம்பெனி கழிவறை கட்ட வேண்டாம். ஏஜென்சி மாற்று ஆள் போட வேண்டாம். சூப்பர்வைசர் கேமராவைத் திருப்ப வேண்டாம். அப்பா யாரையும் எதிர்க்க வேண்டாம். அம்மா அந்தச் சப்பாத்தித் தட்டை நினைக்க வேண்டாம். இத்தனை பேரின் சுமையையும் ஒரு மனிதர் தலையில் வைக்க முடிந்தது, ஏனென்றால் அவர் ஒருகாலத்தில் உண்மையாகவே குடித்தார். திருந்தியதற்கு அவருக்குக் கிடைத்த பலன் அதுதான்.

பெரியப்பா மறுபடி வேலைக்குப் போகவில்லை. குடித்துவிட்டு விழுந்த ஆள் என்ற பேச்சு எல்லா கேட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. தெருவில் பெண் பார்க்கப் போனாலும், பஞ்சாயத்து பேசினாலும், அவரை அழைப்பதை நிறுத்தினார்கள். டீக்கடையில் "இன்னா பெருசு, இன்னிக்குத் தெளிவா கீற" என்று கிண்டல் செய்தார்கள். அவர் டீக்கடைக்குப் போவதை விட்டார்.

இப்போது நான் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் பொறியாளர். வெயில் காலத்துக்கு முன் பயிற்சி வகுப்பு எடுப்பதும் என் வேலை. வெப்பத்தாலும் நீர் குறைவாலும் வருகிற அறிகுறிகள்: தள்ளாட்டம், குழப்பம், வாய் குழறல். குடித்தவரைப் போலவே இருப்பார், அதனால் முதலில் நிழலுக்குக் கொண்டுபோங்கள், பிறகு கேளுங்கள் என்று சொல்கிறேன். எங்கள் கேட்டிலும் வயதானவர்கள்தான் நிற்கிறார்கள். அவர்களுக்குக் கழிவறை வேண்டும் என்று கமிட்டியில் கேட்டேன். முதலில் சுவரொட்டி ஒட்டினார்கள். அதில் தசை முறுக்கேறிய ஓர் இளைஞன் பாட்டிலை அண்ணாந்து குடிக்கிறான். மறுபடி கேட்டேன். தண்ணீர் கேன் வைத்தார்கள். குடித்துவிட்டு எங்கே போவார்கள் என்று மூன்றாம் முறையும் கேட்டேன். "மேடம், நீங்க இத ரொம்ப பர்சனலா எடுத்துக்கிறீங்க" என்றார் மேலாளர். ஆமாம் என்றேன்.

போன தை மாதம் படப்பையில் ஒரு மண்டபத்தில் என் சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு எதிரில் அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்துப் பக்கத்து இலையில். நான் மோர் ஊற்றிக்கொண்டு வந்தேன். மாப்பிள்ளையின் மாமா ஏதோ குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேச, அப்பா பெரியப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"எங்க அண்ணனே அப்டித்தான் இருந்தாரு. ஒருநாள் டூட்டியிலியே வுழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாரு பாருங்க, அன்னிக்கோட வுட்டாரு. நாங்கதான் பாத்து எடுத்தோம்."

எதிர் இலைக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். பெரியப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு அவரு குடிக்கலப்பா. நான் பொறந்த வருசமே வுட்டுட்டாரு. ஒண்ணுக்குப் போக எடம் இல்லாம, தண்ணி குடிக்காம வெயில்ல நின்னு வுழுந்தாரு. டாக்டர் உங்ககிட்டதான் சொன்னாங்க."

அந்த வரிசை முழுக்கக் கை நின்றது.

"பந்தியில வெச்சு இன்னா பேச்சு இது" என்றார் அப்பா.

"பந்தியிலதான நீங்களும் சொன்னீங்க."

"வயசுப் பொண்ணு பேசற பேச்சா இது? போ, மோரு ஊத்து."

பெரியப்பா தலையைத் தூக்கவில்லை. ஒரு கவளத்தை விழுங்கிவிட்டு, இலையைப் பார்த்துக்கொண்டே, ஆனால் எதிர் வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கொயந்த சொல்றது சரிதான் தம்பி. நான் குடிக்கல."

இத்தனை வருடத்தில் அவர் அதைத் தன் வாயால் சொன்னது அன்றுதான்.

நிலவரம் இது. அப்பா என்னோடு பேசுவதில்லை. அம்மா இருவருக்கும் நடுவில் தட்டு வைக்கிறாள். பெரியப்பா விழுந்த கேட்டில் இப்போது வேறு ஏஜென்சி, வேறொரு பெரியவர், கழிவறை இல்லை. எங்கள் தொழிற்சாலை கேட்டில் கழிவறைக்குப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், குழாய் இன்னும் வரவில்லை. பெரியப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். அவர் அன்று குடிக்கவில்லை என்பது எங்கள் சொந்தத்தில் ஒரு பந்தி ஆட்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது.